சிறு பெட்டியும் பெரும் பொறியும்

பொருள் கொள்வோர் இருதிறப்படுவர். கொள்ளும் பொருள் எதற்கு வேண்டுவது, எவ்விடத்தில் அமரப்போவது, எவ்வளவில் அமைய வேண்டுவது என்பவற்றை முன்னரே ஆராய்ந்து, பின்னர்க் கடைவாயிலை மிதிப்பார் ஒரு திறத்தார். கடையிலுள்ளவற்றுள் எல்லாவற்றினும் உயர்ந்தது யாதென வினவி, அதனைப் பெற்றுக்கொண்டு மனைபுகுந்த பின்னர், அதனை வைத்தற்கு இடம் தேடுவார் மற்றொரு திறத்தார். முன்னவர் தொகை சிறிது. பின்னவர் தொகை பெரிது. கட்டிலை வாங்கிய பின் வாயில்நிலையை அளப்பாரைக் கண்டு நாம் நகைக்கின்றோம். ஆயினும் கற்றறிந்த இளைஞர் பலர், விளையாட்டிற்கெனச் சிறு கணினி ஒன்றை அமைக்கப் புகுங்கால் இதனையே செய்கின்றனர். உயர்விலைக் கிராபிக்ஸ் கார்டை முதலிற் கொள்கின்றனர். அது கேபினெட் எனப்படும் பெட்டியினுட் புகாமை கண்டு பின்னர் வருந்துகின்றனர்.

கல்லூரி மலரில் விளையாட்டுப் பொறியைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என்பார் சிலர் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை இது: மாணவர் ஒருவர் தம் வாழ்நாளில் முதன்முதலாகத் தாமே ஆராய்ந்து கொள்ளும் பெருவிலைப் பொருள் பெரும்பாலும் இதுவாகவே இருக்கின்றது. அதற்குச் செல்லும் பணம் சிலர்க்குத் தந்தையின் பல திங்கட் சம்பளம். சிலர்க்குத் தாம் விடுமுறையில் உழைத்துச் சேர்த்த பொருள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. அளந்து போடுதற்குரிய அளவுகோல் யாது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எம் கொள்கையை முதலிலேயே கூறிவிடுகின்றோம். சிறு கணினியில் பெட்டியே தலைமையுடையது. கார்டு அதற்கு அடங்கியது. இட அளவு, மின் அளவு, வெப்ப அளவு என்னும் மூன்றும் கண்டு, நான்காவதாகத் தேவையையும் கண்டு, அதன் பின்னரே கார்டின் பெயரை உச்சரித்தல் வேண்டும்.

முதற்கண் இக்கார்டு யாது என்பதைச் சிறிது விளக்குவோம். கணினித் திரையில் தோன்றும் உருவம் எண்ணிறந்த ஒளிப்புள்ளிகளால் ஆயது. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள் உள. 2560க்கு 1440 என்னும் திரையில் அவை 36 இலட்சத்து 86 ஆயிரம். நான்கு-கே என்று வழங்கும் 3840க்கு 2160 திரையிலோ 82 இலட்சத்து 94 ஆயிரம். அஃதாவது முதலிற் கூறியதற்குச் சரியாக நான்கு மடங்கு. விளையாட்டு இழுக்கின்றித் தோன்றவேண்டின், ஒரு விநாடியில் அறுபது முறையேனும் இப்புள்ளிகள் அனைத்திற்கும் நிறம் கணித்துத் தீட்டல் வேண்டும். இவ்வேலையை நடுச்செயலியாகிய சிபியு ஒன்றே ஆற்றமாட்டாது. ஆதலின் ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கான கூறுகள் ஒருங்கே செய்யும் தனிப்பொறி ஒன்று வேண்டியதாயிற்று. 1999ஆம் ஆண்டில் என்விடியா கம்பெனியார் ஜிஃபோர்ஸ் 256 என்னும் பொறியை வெளியிட்டு, அதற்கு ஜிபியு என்னும் பெயரைப் பரப்பினர். அவர்க்குப் போட்டியாக விளங்கிய ஏடிஐ என்னும் கனடா நாட்டுக் கம்பெனியை 2006ஆம் ஆண்டில் ஏஎம்டி விலைக்கு வாங்கியது. உயர்தரக் கார்டுச் சந்தை இவ்விரு பெயர்களையே பெரும்பாலும் சுற்றி நிற்கின்றது.

இனிச் சிறு பெட்டியின் வரலாறும் அறியத்தக்கது. தைவான் நாட்டு வியா கம்பெனியார் 2001ஆம் ஆண்டில் மினி ஐடிஎக்ஸ் என்னும் மதர்போர்டு அளவை வகுத்தனர். அது பக்கத்திற்கு 170 மில்லிமீட்டர் உடைய சதுரம். முதலில் அது ஆற்றல் குறைந்த சிறு கருவிகளுக்கே பயன்பட்டது. பின்னர் ஆர்வலர் சிலர், பெரிய கணினியின் ஆற்றல் முழுவதையும் இச்சதுரத்தைச் சுற்றி அடக்க இயலாதோ என எண்ணி, தாமே பெட்டிகளை வரைந்து, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டிச் செய்வித்தனர். என்கேஸ் எம்1, டான் ஏ4 முதலியவை அங்ஙனம் தோன்றியவை. டான் ஏ4 பெட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 7.2 லிட்டர், அஃதாவது அரைக்குடம் நீரும் கொள்ளாத அளவு. இதன் பின்னர்ப் பெருங் கம்பெனியாரும் இத்துறையிற் புகுந்தனர். கூலர் மாஸ்டர் கம்பெனியாரின் என்ஆர்200 பெட்டி ஏறக்குறைய 18 லிட்டர். ஃப்ராக்டல் கம்பெனியார் 2023இல் வெளியிட்ட டெர்ரா 10.4 லிட்டர். சாதாரணப் பெரும் பெட்டிகளோ நாற்பது லிட்டரையும் கடந்து நிற்பன. விடுதி அறையின் சிறு மேசையில் இடத்தை விழுங்காது அமர்வதும், விடுமுறையில் தோட்பையிலிட்டு ஊர்க்குக் கொண்டுசெல்லக்கூடியதும் ஆகிய கணினியை ஒருவர் விரும்புவதில் தவறொன்றும் இல்லை. விருப்பம் நன்றே, அவ்விருப்பத்தின் விலையை அறிந்து விரும்புதல் அதனினும் நன்று.

முதலாவதாகிய இட அளவைக் காண்போம். பலரும் கார்டின் நீளத்தை மாத்திரமே நோக்குகின்றனர். நீளம், உயரம், தடிப்பு என மூன்றளவும் நோக்கற்குரியன. 2022 அக்டோபரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்னும் கார்டில் என்விடியாவார் தாமே செய்த வகை 304 மில்லிமீட்டர் நீளமும், 137 மில்லிமீட்டர் உயரமும், 61 மில்லிமீட்டர் தடிப்பும் உடையது. மூன்று ஸ்லாட் இடத்தைக் கொள்வது. அதே சிப்பை வைத்துப் பிற கம்பெனியார் செய்தவற்றுட் சில 350 மில்லிமீட்டரையும் கடந்தன. ஒரே பெயர், ஒரே சிப்பு, ஏறக்குறைய ஒரே வேகம். உடல் மாத்திரம் வேறு. ஆகவே கார்டின் பெயரைக் கேட்டு அளவை ஊகித்தல் ஆகாது. எந்தக் கம்பெனியின் எந்த வகை என்பதை நோக்கி, அதன் அளவுக் குறிப்பைப் பெட்டியின் குறிப்போடு ஒப்பிடல் வேண்டும்.

அளவுக் குறிப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கார்டின் உயரம் என்று அச்சிட்டிருப்பது கார்டின் விளிம்புவரை உள்ள உயரமே. அதன் தலையிற் செருகப்படும் மின்கம்பியும், அது வளைதற்கு வேண்டும் இடமும் அதனுள் அடங்குவதில்லை. பெட்டியின் பக்கத் தகடு கம்பியின்மேல் அழுந்துமாயின் விளைவது யாதென்பதைப் பின்னர்க் கூறுவோம். இக்குறையை உணர்ந்தே போலும், என்விடியாவார் 2024 ஜூனில் சிறு பெட்டிகட்கென ஓர் அளவு வரம்பை வெளியிட்டனர். நீளம் 304 மில்லிமீட்டர், கம்பி வளைவையும் உட்கொண்ட உயரம் 151 மில்லிமீட்டர், தடிப்பு 50 மில்லிமீட்டர் என்பன அவ்வரம்பின் எல்லைகள். இது மிகவும் வரவேற்கத்தக்க செயல். பெட்டி செய்வாரும் கார்டு செய்வாரும் ஒருவரையொருவர் அறியாது தத்தம் போக்கிற் செல்வதால் துன்புறுபவர் வாங்குவோரே. எம் கருத்து என்னவெனின், சிறு கணினி அமைப்போர் இவ்வரம்பைத் தமக்குரிய விதியாகவே கொள்ளல் நன்று. அவ்வரம்பிற் கடங்காத கார்டை, அது எத்துணைப் புகழ் வாய்ந்ததாயினும், கையால் தொடாதிருத்தல் வேண்டும். இன்று ஒரு பெட்டியில் அருமையாக நுழைந்த நீண்ட கார்டு, நாளை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டுங்கால் எதனுள்ளும் புகாது நிற்கும்.

இரண்டாவது மின் அளவு. மதர்போர்டின் ஸ்லாட் வழியாகக் கார்டு பெறக்கூடிய மின்சாரம் 75 வாட் மாத்திரமே. எஞ்சியதனைத்தும் தனிக்கம்பி வழியாகவே வரல் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின் அளவு 450 வாட். 2025 ஜனவரி இறுதியில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 5090 கார்டின் அளவு 575 வாட். உடன் வெளிவந்த 5080 கார்டினது 360 வாட். அவற்றை அடுத்து வந்த 5070 டிஐ 300 வாட்டும், 5070 கார்டு 250 வாட்டும் கொள்வன. 2025 மார்ச்சில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304 வாட்டும், அதன் இளைய உடன்பிறப்பாகிய ஆர்எக்ஸ் 9070 கார்டு 220 வாட்டும் கொள்வன. நம் வீட்டு மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் கொள்வதெனின், 5090 கார்டு ஒன்று ஏழு விசிறிகளுக்கு மேற்பட்ட மின்சாரத்தைத் தனியே உண்கின்றது. நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் முழுவேகத்தில் ஓடின், அது கொள்வது 2.3 யூனிட், 250 வாட் கார்டு கொள்வது ஒரு யூனிட்.

இம்மின்சாரத்தை வழங்கும் பவர் சப்ளையும் சிறு பெட்டியிற் சிறியதாகவே இருத்தல் வேண்டும். எஸ்எஃப்எக்ஸ் என்னும் அளவினது 125 மில்லிமீட்டர் அகலமும், 100 மில்லிமீட்டர் நீளமும், 63.5 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இவ்வளவிற்குள் 1,000 வாட் தரும் பொறிகளும் வந்துள்ளன. ஆயின் அவற்றின் விலை மிகுதி. 5090 கார்டிற்கு 1,000 வாட்டும், 5080 கார்டிற்கு 850 வாட்டும், 5070 டிஐ கார்டிற்கு 750 வாட்டும், 5070 கார்டிற்கு 650 வாட்டும் உள்ள பவர் சப்ளை வேண்டுமென என்விடியாவார் கூறுகின்றனர். கார்டின் வாட்டையும் சிபியுவின் வாட்டையும் கூட்டினால் இத்துணை வாராதே என ஐயுறலாம். கார்டு சராசரியாகக் கொள்ளும் மின்சாரம் வேறு. நொடியினும் நுண்ணிய காலத்தில் திடீரென்று இழுக்கும் மின்சாரம் வேறு. இந்நுண்பொழுது எழுச்சியைத் தாங்கும் பொருட்டே, 2022இல் வகுக்கப்பட்ட ஏடிஎக்ஸ் 3.0 என்னும் நியமம், பவர் சப்ளையானது தன் அளவின் இருமடங்கை ஒரு விநாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டுமென விதித்தது. பழைய பவர் சப்ளையைப் புதிய பெருங்கார்டுடன் இணைப்பார் விளையாட்டின் நடுவே கணினி அணைந்து போவதைக் காண்பது இதனாலேயே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 4090 கார்டுடன் பரவிய 12விஎச்பிடபிள்யூஆர் என்னும் பதினாறு முனைச் செருகி, 600 வாட் வரை தாங்கும்படி வகுக்கப்பட்டது. 2022 அக்டோபரில் அக்கார்டு வெளிவந்த சில நாட்களுக்குள்ளேயே, செருகி உருகிக் கருகிய செய்திகள் வந்தன. செருகி முற்றும் உட்செல்லாமல் நிற்பது அதற்குக் காரணங்களுள் ஒன்றெனக் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டில் 12வி-2×6 எனத் திருத்திய வடிவம் வந்தது. இதில், செருகி முழுதும் பொருந்தினாலன்றி மின்சாரம் செல்லாதிருக்கும்படி அறிகுறி முனைகள் குறுக்கப்பட்டன. திருத்தம் நன்றாயினும், 2025இல் 5090 கார்டுகளிலும் உருகிய செய்திகள் எழாமலில்லை. பெரும் பெட்டியிற் கம்பியைத் தாராளமாக வளைக்கலாம். சிறு பெட்டியிலோ பக்கத் தகடு அதனை நெருக்கித் தள்ளும். செருகியின் தலையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் வரையிலேனும் கம்பி நேராகச் சென்று, பின்னரே வளைதல் வேண்டும். இதற்கு இடமில்லாத பெட்டியில் 575 வாட் கார்டை அடைப்பது அஞ்சத்தக்கது. முன்னர்க் கூறாது விட்ட விளைவு இதுவே. பணவிழப்பு ஒருபுறம் இருக்க, மாணவர் பலர் உறங்கும் விடுதியறையில் உருகும் செருகி எத்தகைய ஆபத்தென்பதை யாம் விரித்துரைக்க வேண்டா.

மூன்றாவது வெப்ப அளவு. கார்டு உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகின்றது. பௌதிகம் பயில்வோர்க்கு ஒரு சிறு கணக்கு. ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.2 கிராம். பத்து லிட்டர்ப் பெட்டியுள் அடங்கிய காற்று 12 கிராம். அதனை ஒரு டிகிரி சூடாக்க 12 ஜூல் போதும். 575 வாட் என்பது விநாடிக்கு 575 ஜூல். காற்று வெளியேறாது நிற்குமாயின், அது ஒரே விநாடியில் ஏறக்குறைய 48 டிகிரி ஏறிவிடும். எனவே பெட்டி வெப்பத்தைத் தேக்கி வைக்கும் இடமாகாது. வெப்பம் ஓடிச்செல்லும் வாய்க்காலாகவே அமைதல் வேண்டும். உட்புகும் காற்றினும் வெளிச்செல்லும் காற்று பத்து டிகிரி மாத்திரமே மிகுதியாக இருக்கவேண்டின், 575 வாட்டிற்கு விநாடிதோறும் 48 லிட்டர்க் காற்று ஓடல் வேண்டும். 300 வாட்டிற்கு 25 லிட்டர் போதும். முன்னதில் பெட்டியின் காற்று விநாடிக்கு ஏறக்குறைய ஐந்து முறை புதிதாக மாறுகின்றது. இத்துணைக் காற்றைச் சிறு துளைகள் வழியே செலுத்தும் விசிறிகள் இரைந்தே தீரும். நள்ளிரவில் அவ்விரைச்சலைக் கேட்பவர் விளையாடுவோர் ஒருவர் மாத்திரம் அல்லர். அறைத் தோழரும் கேட்பர்.

அறையின் வெப்பமும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கார்டுகளைச் சோதித்து எழுதுவோர் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளிற் சோதிக்கின்றனர். கோடையில் நம் அறை 35 டிகிரியாயின், அவர் கண்ட வெப்பத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூட்டிக்கொள்ளல் வேண்டும். அவர்க்கு 75 டிகிரியில் அமைதியாக ஓடிய கார்டு, நமக்கு 85 டிகிரியைத் தாண்டி, தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்பொழுது பெருவிலை கொடுத்துப் பெற்ற வேகம் எங்கே சென்றது?

5090 கார்டின் என்விடியாச் சொந்த வகை இரண்டே ஸ்லாட் தடிப்பில் அமைந்தது வியக்கத்தக்க பொறியியல் என்பதை யாம் மறுக்கவில்லை. 9,200 கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்களைக் கொண்ட சிப்பை நடுவே வைத்து, இருபுறமும் காற்று ஊடுருவிச் செல்லும்படி அதனை அமைத்துள்ளனர். பெட்டியுள் அது புகுவது உறுதி. ஆனால் ஊடுருவிய சூடான காற்று செல்லுமிடம் யாது? சாதாரண அமைப்பில் அது நேரே சிபியுவின் குளிர்விப்பானை நோக்கிச் செல்கின்றது. கார்டையும் மதர்போர்டையும் முதுகோடு முதுகாக வைக்கும் பெட்டிகளில், பின்புறம் தடுப்பாதலின், அக்காற்றிற்கு வழி குறுகுகின்றது. புகுதல் வேறு, மூச்சுவிடல் வேறு. உரலுக்குள் தலையை விட்ட பின் உலக்கைக்கு அஞ்சிப் பயனென்ன?

முதுகோடு முதுகாக அமையும் பெட்டிகளில் கார்டு, ரைசர் என்னும் நாடாக் கம்பி வழியே மதர்போர்டுடன் இணைகின்றது. புதிய கார்டுகள் பிசிஐஇ ஐந்தாம் தலைமுறையைச் சார்ந்தவை. பெட்டியோடு வரும் ரைசர் நான்காம் தலைமுறையதாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் திரை தோன்றாமலோ, இடையிடையே கணினி நின்றோ துன்புறுத்தும். பயாஸ் அமைப்பில் ஸ்லாட்டை நான்காம் தலைமுறைக்குக் குறைத்துவிடின் துன்பம் பெரும்பாலும் நீங்கும். விளையாட்டுகளில் அதனால் நேரும் வேக இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. இதனை அறியாது கார்டே பழுதென்று திருப்பி அனுப்புவோரும் உளர்.

நிற்க. எம் கொள்கைக்கு மாறாக வலிமை வாய்ந்த வாதம் ஒன்றுண்டு. அதனைக் கூறாது விடுத்தல் நேர்மையன்று. பெருங்கார்டை வாங்கி, அதன் மின் அளவைக் குறைத்து ஓட்டலாகாதோ என்பதே அது. சிப்பு கொள்ளும் மின்சாரம் அதன் துடிப்பு வேகத்தையும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. வேகத்தையும் அழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைப்பின், மின் செலவு நான்கில் ஒரு பங்கிற்கும் சற்று மிகுதியாகக் குறையும். இழப்பு சிறிது, பேறு பெரிது. இது முற்றிலும் உண்மை. சிறு கணினி அமைப்போர் அனைவரும் இதனைக் கற்றல் வேண்டும் என்பதே எம் கருத்தும். ஆயின் இவ்வித்தை பெருங்கார்டிற்கு மாத்திரம் உரியதன்று. 300 வாட் கார்டையும் இவ்வாறே 230 வாட் அளவிற் கொண்டுவந்து, இரைச்சலின்றி ஓட்டலாம். 575 வாட் கார்டை எத்துணை அடக்கினும் அது 400 வாட்டின் அண்மையிலேயே நிற்கும். அதுவே சிறு பெட்டிக்குப் பெருஞ்சுமை. அன்றியும், அடக்கி ஆளுதற்கென்றே மும்மடங்கு விலை கொடுப்பது யானையை வாங்கிக் கன்றுக்குட்டியின் வேலை கொள்வதை ஒக்கும். அமெரிக்காவில் அறிவித்த அறிமுக விலைகளை நோக்குக: 5090 கார்டு 1,999 டாலர், 5080 கார்டு 999 டாலர், 5070 டிஐ 749 டாலர், 9070 எக்ஸ்டி 599 டாலர், 5070 கார்டு 549 டாலர். அறிமுக விலை கடைவிலையன்று. நம் நாட்டுக் கடைகளில் வரியும் பிறவும் சேர்ந்து இவை இன்னும் உயரும். எனினும் ஒன்றற்கொன்று உள்ள விகிதம் நமக்குப் பாடம் புகட்டுகின்றது.

பெருங்கார்டிற்கு உரியார் யார் என்பதையும் கூறிவிடுதல் வேண்டும். 5090 கார்டில் 32 கிகாபைட் நினைவகம் உண்டு. 5080, 5070 டிஐ, 9070 எக்ஸ்டி ஆகியவற்றில் 16. 5070 கார்டில் 12. செயற்கை அறிவு மாதிரிகளைத் தம் கணினியிலேயே ஓட்டி ஆராய்வோர்க்கும், முப்பரிமாணப் படங்களை ஆக்குவோர்க்கும் நினைவகமே முதன்மையானது. அவர்க்கு அது கருவி; கருவிக்குக் கொடுத்த பணம் தொழிலில் மீளும். அத்தகையோர் பெரிய பெட்டியைக் கொள்வதே நலம். விளையாட்டொன்றே வேண்டுவார்க்கு இவ்வாதம் பொருந்தாது.

ஆகவே நான்காவதாகிய தேவையை நோக்குக. தேவையைத் தீர்மானிப்பது திரை. 2560க்கு 1440 திரையுடையார்க்கு 5070 டிஐ, 9070 எக்ஸ்டி ஆகியவற்றின் ஆற்றல் நிறைவாகப் போதும். 9070 கார்டும் 5070 கார்டும் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதியவை. நான்கு-கே திரையில் உயர்ந்த அமைப்புகளோடு ஆட விழைவார்க்கு 5080 தக்கது. சிறிதாகத் தீட்டிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் என்னும் முறைகளும் இக்காலத்தில் நன்கு வளர்ந்துள்ளன. ஆயினும் விளம்பர மொழியில் மயங்கலாகாது. 2025 ஜனவரியில் என்விடியாத் தலைவர், 549 டாலர் 5070 கார்டு முந்தைய 4090 கார்டிற்கு நிகரான ஆற்றல் தருமென மேடையிற் கூறினார். அது, உண்மையிற் கணித்த இரு படங்களுக்கிடையே பொறி தானே கற்பித்த படங்களைப் பெய்து எண்ணிய கணக்கு. கற்பித்த படம் கண்ணுக்கு வழுவழுப்பைத் தரும். கை விசையை அழுத்தியதற்கும் திரை விடை கூறுவதற்கும் இடையேயுள்ள காலத்தை அது குறைக்காது. வேகத்தை ஒப்பிடுங்கால் இவ்வகைப் படங்களை நீக்கி ஒப்பிடுதலே நேர்மை.

பெயர்களிலும் விழிப்பு வேண்டும். 2022 செப்டம்பரில் 4080 என்னும் ஒரே பெயரில் 12 கிகாபைட், 16 கிகாபைட் என இரு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. அவை நினைவகத்தில் மாத்திரமன்றிச் சிப்பிலேயே வேறுபட்டவை. கண்டனம் எழுந்தமையால் அடுத்த திங்களிலேயே 12 கிகாபைட் வகை கைவிடப்பட்டது. மடிக்கணினியில் 5090 என்று பொறித்திருப்பதும் மேசைக்கணினியின் 5090 அன்று. அதன் சிப்பு சிறியது, நினைவகம் 24 கிகாபைட். சிறு கணினிக்குப் பதிலாக மடிக்கணினியையே வாங்கலாகாதோ என வினவுவார் இதனை நினைவிற்கொள்க. எடுத்துச் செல்லுதல் நாடோறும் வேண்டுமாயின் மடிக்கணினியே ஏற்றது. ஆண்டிற்கு இருமுறை மாத்திரம் வேண்டுமாயின், கார்டு பழுதுற்றால் கார்டை மட்டும் மாற்றவும், நான்காண்டு கழித்துப் புதியதைப் பொருத்தவும் இடந்தரும் சிறு பெட்டியே சிக்கனமானது.

இதுகாறும் கூறியவற்றால் எம் முடிபு இது. பன்னிரண்டு லிட்டருக்குட்பட்ட பெட்டிக்கு 250 முதல் 300 வாட் வரையுள்ள கார்டே உரிய எல்லை. காற்று தடையின்றிச் செல்லும் பெட்டியாயின், 304 மில்லிமீட்டர் நீளமும் இரண்டு ஸ்லாட் தடிப்பும் உடைய 5080 வகை வரை செல்லலாம். அதற்கு மேற்பட்டதை விரும்புவார் பெட்டியைப் பெரிதாக்குக. இரண்டும் வேண்டுமென அவாவுவார் பணத்தையும் இழந்து, அமைதியையும் இழப்பர். வாங்கும் முறையும் தலைகீழாக அமைதல் வேண்டும். முதலில் தம் திரையைக் காண்க. பின்னர்ப் பெட்டியைத் தேர்க. பெட்டியின் மூன்றளவையும், கம்பி வளையும் இடத்தையும் தாளிற் குறித்துக்கொள்க. அதனுள் அடங்கும் பவர் சப்ளையைத் தீர்மானிக்க. இவையனைத்தும் முடிந்த பின்னர் எஞ்சி நிற்கும் கார்டுகளுள், தம் கைப்பொருளுக்கு ஏற்றதைக் கொள்க. தவணைக் கடனுக்கு வாங்குமாறு கடைக்காரர் இனிமையாக அழைப்பினும், விளையாட்டிற்கெனக் கடன்படாதிருப்பதே மாணவர்க்கு அழகு.

உயர்ந்தது யாது என்னும் வினாவிற்கு விடை ஆண்டுதோறும் மாறும். இன்று முடிசூடிய கார்டு நாளை மூலையில் கிடக்கும். பொருந்துவது யாது என்னும் வினாவின் விடையோ, ஆராய்ந்து பெற்றதாயின், நெடுநாள் நின்று பயன்தரும். மாணவ நண்பர்காள்! அளவுகோலைக் கையிற்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். மேசைமேல் அமர்ந்து இரைச்சலின்றி, சூடின்றி, நான்காண்டு உழைக்கும் சிறு பொறி ஒன்றே அவ்வாராய்ச்சிக்குப் போதிய கைம்மாறாகும்.